கடல் வருமுன் வந்த கல்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் இருக்கும் மவுண்ட் ஆல்பர்ட்டை மலை என்றால், கேட்பவர்கள் சிரிப்பார்கள். உயரம் 135 மீட்டர்தான். முன்பு இன்னும் உயரமாக இருந்தது; உச்சியில் பத்து மீட்டருக்கு மேல், ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டும் ஜல்லிக்காக வெட்டியெடுத்துவிட்டார்கள். வெட்டுப்பட்ட சரிவில் சிவந்த கல் தெரிகிறது. உடம்பெல்லாம் பொத்தல், தூக்கினால் கனமே இல்லை. உருகிய பாறைக்குள் இருந்த வாயு நுரைத்து வெளியேறிய தடம் அது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் ஓவைராகா என்று அழைக்கும் இந்த மேடு ஓர் எரிமலை. ஆக்லாந்து நகருக்குள்ளும் அதைச் சுற்றியும் இதுபோல் ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒருமுறை வெடித்து ஓய்ந்த ரகம்.

இந்த ஊரின் கடற்கரையைப் புரிந்துகொள்ள மலையிலிருந்துதான் கிளம்ப வேண்டும். ஓவைராகா கக்கிய குழம்பு பள்ளங்களை நிரப்பி இறுகியது. பழைய தடத்தை இழந்த ஓக்லி ஓடை அதன் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய், வாட்டர்வியூ பகுதியில் சுமார் 6 மீட்டர் அருவியாக விழுகிறது.

அங்கிருந்து கடல் பக்கம் போனால் மியோலா திட்டு. கடல் வற்றும் நேரத்தில் வைட்டமாட்டா துறைமுகத்தின் குறுக்கே 2 கிலோமீட்டருக்கு மேல் கறுப்புப் பாறை நீண்டு கிடக்கும். அக்கரைக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. இருட்டில் மட்டும் நடமாடும் வனதேவதைகள் பாலம் கட்டிக்கொண்டிருந்தபோது விடிந்துவிட்டது, வேலை பாதியில் நின்றது என்கிறது மாவோரிக் கதை. ராமர் பாலம் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

புவியியல் சொல்லும் கதையும் சளைத்ததல்ல. இது ஓவைராகாவின் குழம்பு அல்ல. தென்கிழக்கே உள்ள இன்னொரு எரிமலையிலிருந்து 10 கிலோமீட்டர் அளவுக்கு ஓடிவந்தது. அவ்வளவு தூரம் எப்படி? பசால்ட் குழம்பு இளக்கமானது. மேல்பரப்பு ஆறி ஓடு கட்டிக்கொள்ள, உள்ளே சூடு தணியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அது வந்தபோது இங்கே கடலே இல்லை என்பதுதான் வேடிக்கை. பனியுகத்தில் உலகின் தண்ணீரில் இன்றைவிட அதிகமான பங்கு பனியாக உறைந்து கிடந்ததால் கடல்மட்டம் மிகத் தாழ்ந்திருந்தது. இன்றைய துறைமுகம் அன்று ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஓடையின் வழியைப் பிடித்துக் கீழே இறங்கியது குழம்பு. பிறகு பனி உருகிக் கடல் ஏறியது. சுற்றிலும் இருந்த மெத்தென்ற மணற்பாறையும் களிப்பாறையும் கரைந்துபோக, பள்ளத்தில் ஓடிய கல் மேடாக நின்றுவிட்டது!

திட்டில் நடக்க நல்ல ஷூ வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய பசிபிக் சிப்பிகள் பாறையை மூடிக் கிடக்கின்றன. ஓட்டின் விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும். ஓத அட்டவணையைப் பார்க்காமல் இறங்குவதும் தப்பு. ஆக்லாந்தில் பெரிய ஓதத்தின்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 3 மீட்டரைத் தொடும். மெரினாவில் அதில் பாதிகூட வராது. வேல்ஸின் ஸ்வான்சீ நகரத்துக்காரர்களைக் கேட்டால் இதெல்லாம் ஒன்றுமில்லை என்பார்கள். புனல்போலக் குறுகும் பிரிஸ்டல் கால்வாய் அங்கே 8 மீட்டருக்கு மேல் தண்ணீரை உயர்த்துகிறது. பக்கத்து கோவர் தீபகற்பத்தின் முனையில் உள்ள வோர்ம்ஸ் ஹெட் தீவுக்கு நடைவழி திறந்திருப்பது ஒரு வற்றத்துக்குச் சுமார் 5 மணி நேரம்தான்.

மியோலாவின் இரு பக்கமும் சேற்றில் அலையாத்தி. பிச்சாவரத்தில் படகில் போகும்போது பார்க்கும் வெண்கண்டலும் இதுவும் ஒரே இனம், அவிசென்னியா மரினா. பென்சில் நட்டு வைத்ததுபோல் சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் மூச்சுவேர்கள்கூட அப்படியே. மரம்தான் குட்டை. பனிவிழும் குளிர் இதற்கு ஆகாது. நியூசிலாந்தில் 38 பாகை தென் அட்சரேகையை ஒட்டி இதன் எல்லை முடிந்துவிடுகிறது. ஆக்லாந்து 37-ஐ ஒட்டி இருப்பதால் தப்பித்தது. நகரம் வளர வளர மழைநீர் இழுத்துவரும் வண்டல் கழிமுகங்களில் படிய, புதுச் சேற்றை இந்த மரங்கள் பிடித்துக்கொள்கின்றன. கரையோர வீட்டுக்காரர்களில் சிலர் வெட்டச் சொல்கிறார்கள், இயற்கை ஆர்வலர்கள் கூடாது என்கிறார்கள். சேறு வருவதை நிறுத்தாமல் மரத்தை மட்டும் குறைசொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. வாட்டர்வியூவை ஒட்டிய மோட்டு மானாவா கடல் காப்பகத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1995 முதல் அங்குள்ள அலையாத்திக்கும் சேற்றுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதன் நடுவேதான் நெடுஞ்சாலையும் போகிறது.