நுரையீரலோடு நிற்காத புகை

இண்டூர்ப் பக்கம் காற்று மாசு என்று பேச்செடுத்தால், அது டெல்லிக்காரர் கவலை என்றுதான் தோன்றும். மலையும் மானாவாரிக் காடும் உள்ள ஊருக்கு அப்படித் தோன்றுவதில் நியாயமும் உண்டு. ஆனால் இண்டூர் இருக்கும் தருமபுரி மாவட்டத்தின் உழைக்கும் வயதினரில் பலர் வருடத்தின் பெரும்பகுதியில் மூச்சுவிடுவது பெங்களூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும்தான். நகரப் புகை நெஞ்சைக் கெடுக்கும் என்பது ஊரறிந்தது. மனத்தையும் கெடுக்கக்கூடும் என்பதற்கு இப்போது தள்ளிவிட முடியாத அளவுக்குச் சான்று சேர்ந்திருக்கிறது. ‘அளவுக்குள்தான் இருக்கிறது’ என்ற அரசாங்கக் கணக்கு அதற்குப் பதிலாகாது.

பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள், தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குதான். மூக்கு அதைத் தடுப்பதில்லை. அது நுரையீரலின் கடைக்கோடிவரை போகிறது. அதிலும் சிறியவை ரத்தத்தில் கலக்கின்றன. உடல் எதிர்த்து நிற்க, அழற்சி கிளம்புகிறது. மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினரின் ரத்தத்தில் இத்தகைய அழற்சியின் அடையாளங்கள் கூடுதலாக இருப்பதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். வாசனை நரம்பு வழியாக மூளைக்குக் குறுக்குப் பாதையும் உண்டு. 2016இல் லான்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பார்பரா மாஹர் குழுவினர், மெக்சிகோ நகரிலும் மான்செஸ்டரிலும் இறந்த 37 பேரின் மூளைத் திசுவை ஆராய்ந்து, அதில் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடுத் துகள்களைக் கண்டார்கள். உடலுக்குள் தானாக விளையும் துகள் கூரிய விளிம்புள்ள படிகமாக இருக்கும். இவர்கள் கண்டவற்றில் பெரும்பாலானவை வழவழப்பான உருண்டைகள். கடும் சூட்டில் உருகி உறையும்போது அந்த வடிவம் வரும். தொப்பூர் கணவாயில் சரக்கு லாரி பிரேக்கை மிதித்தபடி இறங்கும்போது கிளம்பும் தூளிலும் இந்த வகைத் துகள் உண்டு. மூளையில் துகள் இருப்பது மட்டுமே நோய்க்குச் சான்றாகாது, உள்ளே போக வழி இருக்கிறது என்பதற்குச் சான்று.

நோய்க்கான சான்று மக்களிடம் எடுத்த கணக்கில் இருக்கிறது. பிரிட்டனில் சுமார் 3.9 லட்சம் பேரை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2023இல் வெளியானது. மாசு கூடிய இடத்தில் வசித்தவர்களுக்கு மனச்சோர்வும் பதற்ற நோயும் அதிகம் வந்திருந்தன. இதில் கவனிக்க வேண்டியது அங்கிருந்த காற்றின் தரம்: நுண்துகளின் சராசரி, கன மீட்டருக்கு ஏறத்தாழ 10 மைக்ரோகிராம். 2009இல் இந்தியா வகுத்த ஆண்டு வரம்பு 40. நம் சட்டப்படி பிரிட்டனில் இருந்தது சுத்தத்திலும் சுத்தமான காற்று. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் வரம்பை 5 ஆக இறக்கிவிட்டது.

புகையடிக்கும் சாலையோரத்தில் வசிப்பது ஏழைதானே, அவரை வாட்டுவது கடனும் இரைச்சலும் தூக்கமின்மையும்தானே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. வருமானத்தைக் கழித்துப் பார்த்தும் தொடர்பு நிற்கிறது என்று ஆய்வாளர்கள் சொன்னாலும் சந்தேகம் முழுதாகத் தீராது. அதைப் பெரிதும் தீர்ப்பது 2024இல் வெளியான சீன ஆய்வு. சில நாட்களில் மேலே வெப்பக் காற்று படிந்து, பானைக்கு மூடி போட்டதுபோல் கீழே புகையை அடைத்துவிடும். இது வானிலையின் வேலை. யாருடைய கடனையும் கூலியையும் பார்த்து வருவதல்ல. இப்படி மாசு ஏறிய வாரங்களில் தற்கொலையும் ஏறியது. 2013 முதல் 2017 வரை சீனா காற்றைச் சுத்தப்படுத்தியதால் சுமார் 46,000 தற்கொலைகள் தவிர்க்கப்பட்டன என்பது அவர்களின் மதிப்பீடு. அங்கே தற்கொலை குறைந்ததில் பத்தில் ஒரு பங்கு அது; மீதிக்கு வேறு காரணங்கள். புகையே எல்லாவற்றுக்கும் காரணம் என்று யாரும் சொல்லவில்லை.

தனி ஒருவருக்கு இந்த ஆபத்து சிறியதுதான். மனம் சோர்ந்தவரிடம் ‘எல்லாம் காற்றால் வந்தது’ என்று சொல்லிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது கொடுமை. ஆனால் கடன் சிலருக்குத்தான், மூச்சு எல்லோருக்கும். நாட்டில் பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு மனநலக் கோளாறு இருப்பதாக 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு சொன்னது. சிறு ஆபத்தும் இத்தனை பேர்மேல் படியும்போது எண்ணிக்கை பெரிதாகிறது. ஆனால் மாசைக் குறைக்க வகுத்த தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி மட்டுமே இருக்கின்றன. பெங்களூரில் பத்து வருடம் சாரத்தில் நின்றுவிட்டு இண்டூருக்குத் திரும்புகிறவர் எந்த நகரத்தின் கணக்கிலும் வரமாட்டார். ‘மனசே சரியில்லை’ என்று தருமபுரி அரசு மருத்துவமனைக்கு அவர் வந்தால், குடியையும் கடனையும் விசாரிக்கும்போதே, எந்தச் சாலையோரம் எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அதற்குப் புதுத் திட்டம் எதுவும் வேண்டியதில்லை.