சின்னக் கமராவிலிருந்து பெரிய கமராவுக்கு: வளைகுடாவில் நாங்கள் கற்றுக்கொண்டவை

2010ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் அப்பா காலமானார். நாங்கள் ஷார்ஜாவில் இருந்தோம். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சிட வேண்டும் என்று தம்பி தொலைபேசியில் சொன்னான். "அண்ணா, முகப்புக்குப் போட அப்பான்ர நல்ல படம் ஒண்டு உடனே அனுப்புங்கோ" என்றான். வீட்டில் இருந்த பழைய அல்பங்கள் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு போய்விட்டன. அதற்குப் பிறகு தம்பியிடம் மிஞ்சியிருந்தது ஓர் அடையாள அட்டைப் படம் மட்டும்.

எங்களிடம் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் இருந்தன. முந்தைய வருடம் அப்பா விசிட் விசாவில் வந்து எங்களோடு ஒரு மாதம் நின்றபோது எடுத்தவை. எல்லாம் சட்டைப்பைக்குள் அடங்கும் கொம்பக்ட் கமராவில் எடுத்த படங்கள். கணினித் திரையில் சிறிதாகப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. அச்சுக்காகப் பெருப்பித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. வேலை முடிந்து வந்து இரவில் அறைக்குள் எடுத்த படங்களில் அப்பாவின் கன்னமும் தாடியும் ஒன்றாகக் கரைந்து, தண்ணீர் வர்ணத்தால் பூசியதுபோல இருந்தன. பிளாஷ் போட்டு எடுத்தவற்றில் நெற்றி வெள்ளையாக வெளிறி, கண்கள் சிவந்து, பின்சுவரில் கறுத்த நிழல் விழுந்திருந்தது. கடைசியில் அந்த அடையாள அட்டைப் படமே முகப்பில் வந்தது.

அடுத்த வருடத் தொடக்கத்தில் நாங்கள் ஓர் ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் கமரா வாங்கினோம். அதற்கு முன்னும் பின்னும் கேட்டும் பிழைவிட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம். இப்போதும் பல வீடுகளில் இதே கேள்வி இருக்கிறது: பெரிய கமரா வாங்கினால் உண்மையில் என்ன மாறும்?

வாங்குவது ஒளியைத்தான்

முதலில் நாங்களும் மெகாபிக்செல் எண்ணைத்தான் பார்த்தோம். எங்கள் பழைய கொம்பக்டில் 12 மெகாபிக்செல். பார்க்கப்போன நிக்கொன் டி3100இல் 14. இந்த இரண்டு எண்களுக்காக இவ்வளவு காசு கொடுப்பதா என்று யோசித்தோம். வித்தியாசம் அந்த எண்ணில் இல்லை என்பது பிறகுதான் விளங்கியது.

கமராவுக்குள் ஒளியை வாங்கிப் படமாக்கும் தகட்டைச் சென்சர் என்பார்கள். பெரும்பாலான கொம்பக்ட் கமராக்களில் அது ஏறத்தாழ 6.2 மில்லிமீற்றர் அகலமும் 4.6 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. சின்னவிரல் நகத்தைவிடச் சிறியது. ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆரில் அது சுமார் 23 மில்லிமீற்றர் அகலம், 15 மில்லிமீற்றர் உயரம். பரப்பளவில் 12 மடங்கு. மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையையும் ஒரு கிடாரத்தையும் வைத்தால் எது கூடத் தண்ணீர் பிடிக்கும்? அதே கணக்குத்தான். வெளியே நல்ல வெயிலில் கோப்பையும் நிறைந்துவிடும். அதனால்தான் பகலில் கடற்கரையில் எடுத்த கொம்பக்ட் படங்கள் அழகாக வருகின்றன. இரவில் ஒரு மின்குமிழின் கீழ் கோப்பை அரைவாசிகூட நிறையாது. குறைந்த ஒளியைக் கமரா மின்னணு முறையில் பெருக்குகிறது. படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வருகிறது. அந்தப் புள்ளிகளை அழிக்கப்போய் முகத்தின் தோல், மயிர், சுருக்கம் எல்லாவற்றையும் சேர்த்தே தேய்த்துவிடுகிறது. அப்பாவின் தாடிக்கு நடந்தது இதுதான்.

இரண்டாவது மாற்றம் வேகம். பழைய கொம்பக்டில் பொத்தானை அழுத்தி, அது தடுமாறிக் குவியம் பிடிப்பதற்குள் பிள்ளை முகத்தைத் திருப்பிவிடும். டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கிறது. லென்ஸ் வழியே வரும் காட்சியை அது மேலே உள்ள பார்வைத்துளைக்கு அனுப்புகிறது. அந்த ஒளியில் ஒரு பகுதி தனியான குவிய உணரிக்கும் போகிறது. எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அந்த உணரி நேரடியாகக் கண்டுபிடிப்பதால் குவியம் உடனே விழுகிறது. பொத்தானை அழுத்தும்போது கண்ணாடி மேலெழும்ப, ஒளி சென்சருக்குப் போய்ப் படம் பதிவாகும். 'டக்' என்று கேட்கும் சத்தத்தில் அந்தக் கண்ணாடியின் பங்கும் உண்டு.

உடலை விட லென்ஸ் முக்கியம்

டுபாய் ஷொப்பிங் திருவிழா நாட்களில் பர்டுபாய் அல் பாகிதி வீதிக்குப் போனோம். கடைக் கண்ணாடிகளில் கமராக்கள் வரிசையாக இருந்தன. கையிலிருந்த காசுக்கு இரண்டு வழிகள் இருந்தன: ஒரு படி உயர்ந்த கமரா உடலை அதனோடு வரும் சாதாரண லென்ஸுடன் வாங்குவது, அல்லது ஆகக் குறைந்த உடலை வாங்கி மிச்சக் காசுக்கு இன்னொரு லென்ஸ் எடுப்பது. ஒரு கடையில் நின்ற மலையாளிச் சேட்டன் எங்களுக்கு என்ன தேவை என்று கேட்டார். வீட்டுக்குள் ஆட்களைப் படம் எடுக்க வேண்டும் என்றோம். யோசிக்காமல் இரண்டாவது வழியைக் காட்டினார். எங்களுக்கு அவர் செய்த பெரிய உதவி அது.

கமராவோடு வரும் 18-55 லென்ஸின் விளிம்பில் 3.5-5.6 என்று எழுதியிருக்கும். இந்த எண் குறையக் குறைய லென்ஸின் துவாரம் பெரிதாகும். 5.6இல் நிற்கும் லென்ஸுடன் ஒப்பிட்டால் 1.8 என்று எழுதிய லென்ஸ் ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. மங்கலான அறையில் 5.6இல் 1/15 வினாடி தேவைப்படும் படத்தை 1.8இல் 1/125 வினாடியில் எடுத்துவிடலாம். 1/15இல் கை சற்று ஆடினாலே படம் கலங்கும். 1/125இல் சிரித்துக்கொண்டு தலையசைக்கும் மனிதரும் தெளிவாக வருவார். பிளாஷ் தேவையில்லை.

இதில் இரண்டு பொறிகள் உள்ளன. முதலாவது, நிக்கொனின் டி3000, டி5000 வரிசைக் கமராக்களின் உடலில் குவிய மோட்டார் கிடையாது. 'ஏஎஃப்-எஸ்' அல்லது 'ஏஎஃப்-பி' என்று குறித்த, தன்னுள்ளே மோட்டார் கொண்ட லென்ஸ்களே அவற்றில் தானாகக் குவியும். ஏஎஃப்-பி லென்ஸ்கள் பழைய உடல்கள் எல்லாவற்றிலும் வேலை செய்யா. வாங்க முன் பொருத்திப் பார்க்க வேண்டும். மலிவு என்று பழைய 50 மி.மீ. 'டி' லென்ஸை வாங்கினால் கையால் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கனொனின் 50 மி.மீ. 1.8 லென்ஸில் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டாவது, ஆரம்பநிலைக் கமராக்களின் சென்சர் பழைய பிலிம் சுருளின் சட்டத்தைவிடச் சிறியது என்பதால் 50 மி.மீ. லென்ஸ் காட்சியை 75 அல்லது 80 மி.மீ. போல நெருக்கிக் காட்டும். வெட்டவெளியில் ஒரு முகத்தை எடுக்க அது அருமை. ஆனால் கட்டிலும் அலுமாரியும் அடைத்து நிற்கும் ஷார்ஜா அறைக்குள் பின்னால் போகப் போக முதுகு சுவரில் முட்டும். வளைகுடாவில் எங்கள் வீடுகளின் அளவுக்கு 35 மி.மீ. 1.8 லென்ஸே பொருத்தம். நாங்கள் அதைத்தான் எடுத்தோம்.

வாங்கும்போது உத்தரவாத அட்டையையும் பாருங்கள். உள்ளூர் முகவரின் உத்தரவாதமா, கடைக்காரர் தரும் உத்தரவாதமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விலை குறைவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

பெரிய கமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போகுமுன்

நாங்கள் கமரா வாங்க யோசித்துக்கொண்டிருந்த 2010 நவம்பரில் குவைத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. பொது இடங்களில் டிஎஸ்எல்ஆர் கமராக்களைப் பத்திரிகையாளர்கள் தவிர மற்றவர்கள் பயன்படுத்த மூன்று அமைச்சுகள் தடைவிதித்துள்ளதாகக் குவைத் டைம்ஸ் எழுதியது. செய்தி உலகெங்கும் பரவியது. சில நாட்களில் அந்தப் பத்திரிகையே தகவல் தவறானது என்று வருத்தம் தெரிவித்தது. தடை இருக்கவில்லை. ஆனாலும் அந்தச் செய்தியை எல்லோரும் உடனே நம்பியதற்குக் காரணம் இருந்தது. கைப்பேசியால் எடுத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரிய கமராவைத் தூக்கியதும் காவலாளி கிட்ட வருகிறார்.

சட்டம் கமராவின் அளவைப் பார்ப்பதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 34ஆம் இலக்க இணையக் குற்றச் சட்டத்தின்படி, ஒருவரின் சம்மதமின்றி அவரைப் படமெடுத்து அவருடைய தனியுரிமையை மீறினால் குறைந்தது ஆறு மாதச் சிறையோ, 150,000 முதல் 500,000 திர்ஹம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். வேலை விசாவில் நிற்கும் நாங்கள் இதை விளையாட்டாக எடுக்க முடியாது. முன்பின் தெரியாதவர்களை, குறிப்பாகப் பெண்களையும் குடும்பங்களையும், கேட்காமல் எடுக்க வேண்டாம். இராணுவ இடங்கள், அரச கட்டடங்கள், விமான நிலையப் பாதுகாப்புப் பகுதிகள் பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம். எடுத்த படத்தை முகநூலில் போடும்போதும் இதே கவனம் வேண்டும். ராஸ் அல் கோரில் நாரைகளை எடுக்கலாம், டுபாய்க் கழிமுகத்தில் ஒரு திர்ஹம் கொடுத்து ஆப்ரா ஏறி மாலை வெளிச்சத்தை எடுக்கலாம். அதற்கு ஒருவரும் தடை சொல்லமாட்டார்கள்.

வெக்கையும் மணலும் அடுத்த சிக்கல். இத்தகைய கமராக்கள் 0 முதல் 40 பாகை வரை வேலை செய்யவே உருவாக்கப்பட்டவை. கோடையில் நிறுத்திவைத்த காருக்குள் அதைவிட மிக அதிகமாகக் கொதிக்கும். அங்கே கமராவை விட்டுவிட்டுப் போகக் கூடாது. குளிரூட்டிய அறையிலிருந்து ஓகஸ்ற் மாதப் புழுக்கத்துக்குள் நேரே கொண்டுபோனால் லென்ஸ் முழுதும் வியர்த்துவிடும். வாய்மூடிய பொலித்தீன் பையில் போட்டு வெளியே கொண்டுபோய் அரை மணித்தியாலம் அப்படியே வைத்தால் கமரா வெளிச் சூட்டுக்குப் பழகிவிடும். பாலைவனத்திலும் கடற்கரையிலும் லென்ஸ் மாற்றுவதைத் தவிர்க்க வேண்டும். சென்சரில் ஒரு தூசி விழுந்தால் எல்லாப் படங்களின் வானத்திலும் கறுத்தப் புள்ளி தெரியும்.

எடுத்த படத்தைக் காப்பாற்றுவது

எங்கள் சனத்துக்கு இதை அதிகம் சொல்லத் தேவையில்லை. 1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களும், 2009இல் வன்னியிலிருந்து வந்தவர்களும் உயிரோடு வந்ததே பெரிது, அல்பம் எங்கே கொண்டுவருவது. இன்று படம் ஒரு கோப்பு. பிரதி எடுக்கக் காசு போவதில்லை. மூன்று பிரதிகள் வையுங்கள்: ஒன்று கணினியில், ஒன்று தனி வன்தட்டில், மூன்றாவது வேறொரு நாட்டில். ரொறன்ரோவில் அக்காவோ இலண்டனில் மாமாவோ இருந்தால் அவர்களிடம் ஒரு வன்தட்டைக் கொடுத்துவையுங்கள். நல்ல படங்களை அச்சிட்டு, பின்பக்கத்தில் பெயரும் ஊரும் திகதியும் எழுதுங்கள். எழுதாவிட்டால் இருபது வருடத்தில் யார் எவர் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

இன்று வாங்கலாமா?

இன்றைய கைப்பேசி பழைய கொம்பக்டை வென்றுவிட்டது. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கி, சின்னச் சென்சரின் குறையை மறைக்கிறது. பகல் படத்துக்கும் வட்ஸ்அப்பில் அனுப்புவதற்கும் அது போதும். ஆனால் அறைக்குள் ஒரு முகத்தை எடுத்துச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெருப்பிக்க வேண்டுமென்றால், பெரிய சென்சரும் 1.8 லென்ஸும் இன்னும் வித்தியாசம் காட்டுகின்றன. கனொனும் நிக்கொனும் 2018 முதல் கண்ணாடியில்லாக் கமராக்களின் பக்கம் திரும்பிவிட்டன. அதனால் பலர் தங்கள் டிஎஸ்எல்ஆரை விற்கிறார்கள். 2018இல் வந்த நிக்கொன் டி3500, 2019இல் வந்த கனொன் 250டி போன்றவற்றைப் பாவித்த நிலையில் தேடலாம். வாங்க முன் ஷட்டர் எத்தனை தடவை இயங்கியது என்று கேளுங்கள். இந்த வகைக்கு 1 இலட்சம் என்பது பொதுவான கணக்கு. வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள், சென்சரில் உள்ள தூசி தெரிந்துவிடும்.

அம்மா 2012இல் எங்களிடம் வந்தார். ஒரு பின்னேரம் யன்னல் சேலையை அரைவாசி இழுத்துவிட்டு, பக்கத்தில் கதிரை போட்டு இருக்கச் சொன்னோம். பிளாஷ் இல்லை. 35 மி.மீ. லென்ஸ், 1.8. ஊர்க் கதை கேட்டுக்கொண்டே இருபது முப்பது படங்கள் எடுத்தோம். அவற்றைக் கணினியில் பார்த்த அம்மா ஒன்றைக் கைகாட்டினார். காதோரத்து நரைமயிர் ஒவ்வொன்றும் அதில் தெரிந்தது.

"இது நல்லாயிருக்கு. இதைப் பெரிசாக்கி எடுத்து வையுங்கோ. பிறகு என்ர படத்துக்கும் அப்பாக்குத் தேடின மாதிரித் தேடித் திரியாதேங்கோ."

பெருப்பித்து மூன்று பிரதி எடுத்தோம். ஒன்று ஷார்ஜாவில், ஒன்று தம்பியிடம், ஒன்று ரொறன்ரோவில் அக்காவிடம். உங்கள் வீட்டுக்கும் அம்மாவோ அப்பாவோ விசிட் விசாவில் வந்து நின்றால், எந்தக் கமரா கையில் இருந்தாலும் சரி, யன்னலோரம் ஒரு கதிரையைப் போட்டு இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.