வண்ண அட்டைக்கு முன் ஜன்னல் கம்பியைப் பாருங்கள்

வருடக்கணக்காக வெளிறிய கிரீம் நிறத்தில், கைபட்ட கறையும் ஈரக்கசிவுத் திட்டுமாக இருக்கும் படுக்கையறைக்கு இந்தப் பொங்கலுக்காவது ஒரு நல்ல அடர்நிறம் அடித்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். மாம்பழ மஞ்சளோ, மயில் நீலமோ, செங்கல் சிவப்போ, எதுவானாலும் தாராளமாக அடியுங்கள். ஆனால் கடையில் வண்ண அட்டையைப் புரட்டுவதற்கு முன்னால், அந்த அறையின் ஜன்னலோரம் போய் நின்று, கம்பியில் பெயிண்ட் உரிந்த இடத்தை உற்றுப் பாருங்கள். மேலே காப்பிக்கொட்டை நிறம். அதன் விளிம்பில் கொஞ்சம் பச்சை. அதற்கும் அடியில் பழைய மஞ்சளோ சிவப்போ எட்டிப் பார்க்கும். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கல்யாணத்துக்கோ கிரகப்பிரவேசத்துக்கோ அடித்த எனாமல். உங்கள் வீட்டுக்குப் பெரிய ஆபத்து வருமென்றால் அது இந்த அடுக்குகளிலிருந்துதான் வரும்.

அவற்றில் ஈயம் இருக்கக்கூடும். எண்ணெய் சேர்ந்த எனாமல் பெயிண்டில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை போன்ற பளிச்சென்ற நிறங்கள் வருவதற்கு ஈயக் குரோமேட்டை நிறமியாகப் போட்டார்கள். சீக்கிரம் காய்வதற்காகவும் ஈயச் சேர்மம் கலந்தார்கள். நிறம் நன்றாக மூடும், விலையும் கட்டுப்படியாகும். வீட்டுப் பெயிண்டுகளில் ஈயத்துக்கு இந்தியாவில் சட்டப்படி கட்டாய உச்சவரம்பு வந்தது 2016-ல்தான். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வெளியான அந்த விதிகள் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதன்படி பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ, அதாவது கிலோவுக்கு 90 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. டப்பாவின் மேல் அதை அச்சிடவும் வேண்டும்.

ஆபத்து என்னவோ அதற்கு வெகுகாலம் முன்பே தெரிந்த ஒன்று. 1904-லேயே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், குழந்தைகளுக்கு வந்த ஈய நச்சுக்குக் காரணம் வீட்டு வராந்தாக் கைப்பிடிகளில் தூளாக உதிரும் பெயிண்ட்தான் என்று எழுதினார். வெயிலில் பொரிந்த பெயிண்ட் பிள்ளைகளின் கையில் ஒட்டுகிறது, கை வாய்க்குப் போகிறது. அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 1978-ல் தடைசெய்தது. நாம் அதற்கும் ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்துத்தான் விழித்தோம். இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த இடைவெளியில் பூசியதில் பெரும்பகுதி இன்றும் நம் கதவிலும் கம்பியிலும் ஊஞ்சல் சங்கிலியிலும் பத்திரமாக இருக்கிறது.

உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று நினைத்து உள்ளே விட்டுவிடும். எலும்பில் சேர்த்தும் வைத்துக்கொள்ளும். உட்கொள்ளும் ஈயத்தில் பெரியவர்கள் உடம்பில் ஏறுவதைப்போல நாலைந்து மடங்கு சிறு குழந்தைகளின் உடம்பில் ஏறும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் கிடையாது என்றும் அது சொல்கிறது. காய்ச்சலோ வாந்தியோ வந்தால் கவனிப்போம். இது அப்படி வராது. பிள்ளை பாடத்தில் பின்தங்கும், கவனம் சிதறும், ரத்தசோகை வரும். வீட்டில் வேறு ஏதேதோ காரணம் தேடுவார்கள். கர்ப்பிணியின் எலும்பில் பழைய ஈயம் இருந்தால் அது வயிற்றிலுள்ள சிசுவுக்கும் போகும்.

இங்கே ஒரு ஆறுதல் உண்டு. சுவரில் அடிக்கும் டிஸ்டம்பர், எமல்ஷன் போன்றவை தண்ணீர் கலந்த பெயிண்டுகள்; ஈயம் பெரும்பாலும் எனாமலில்தான் பிரச்சினையாக இருந்தது. ஆகவே கவனிக்க வேண்டியவை பழைய கதவு, ஜன்னல், கிரில், மர அலமாரி, மற்றும் சுவரில் இடுப்பளவுக்கு ‘கழுவினால் போகும்’ என்று எனாமல் அடித்த பகுதி. பழைய பெயிண்ட் உரியாமல், பொரியாமல் கெட்டியாக ஒட்டியிருந்தால் அதைத் தொந்தரவு செய்யாமல் மேலேயே பிரைமர் அடித்துப் புதுநிறம் பூசிவிடுவது நல்லது. ‘சுத்தமா சுரண்டிட்டு அடிச்சாத்தான் நிக்கும்’ என்று பெயிண்டர் சொல்வார். தொழில்ரீதியாக அவர் சொல்வது சரி. ஆனால் காய்ந்த எனாமலை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்கும்போது கிளம்பும் மாவுபோன்ற தூசு அறையெங்கும் படியும். மெத்தை, தொட்டில், தண்ணீர்க் குடம் எதுவும் தப்பாது.

சுரண்டித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த இடத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு, வாட்டர் பேப்பரால் ஈரத்திலேயே தேய்க்கச் சொல்லுங்கள். மின்தேய்ப்பு இயந்திரம் வேண்டாம். நெருப்பு காட்டிப் பொசுக்கி உரிப்பது அதைவிட மோசம், அப்போது ஈயம் புகையாகவே மூச்சில் போகும். அறையிலுள்ள சாமானை வெளியேற்றி, தரையில் கனமான பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, மற்ற அறைக்குப் போகும் வாசலையும் பிளாஸ்டிக்கால் மறைத்துவிடுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். முடிந்ததும் துடைப்பத்தைத் தொடக் கூடாது. பெருக்கினால் தூசு மறுபடி காற்றில் எழும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்தெடுங்கள். சுரண்டிய செதில்களை ஈரத்தோடு பையில் கட்டிக் குப்பைக்குக் கொடுங்கள். கொல்லையில் கொட்டுவதும் கொளுத்துவதும் வேண்டாம், அங்கேதான் பிள்ளைகள் விளையாடும். குழந்தை ஏற்கெனவே உரிந்த பெயிண்டைத் தின்றிருந்தால் மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கும் பரிசோதனை செய்துவிடுங்கள். பெரிய ஆய்வகங்களில் அது உண்டு.

நமக்கு ஒரு வாரத்து வேலை, பெயிண்டருக்கு வருடம் முழுக்க இதே தூசு. முகத்தில் கட்டிய துண்டு இந்தத் தூசைத் தடுக்காது. என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது பெரிய செலவில்லை. சாப்பிடும் முன் கை கழுவத் தண்ணீரும் சோப்பும், கிளம்பும்போது உடை மாற்ற ஓர் இடமும் கொடுங்கள். உடையோடு அந்தத் தூசு அவர் வீட்டுக் குழந்தைக்கும் போகும். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பெயிண்டர்களும் பதிவு செய்துகொள்ளலாம். விபத்து, ஓய்வூதியம், பிள்ளைகளின் படிப்பு எனப் பல உதவிகள் அதில் உண்டு. அட்டை இருக்கிறதா, புதுப்பித்தாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சாரத்திலிருந்து விழுந்த பிறகு பதிவு செய்ய முடியாது.

இனி கடைக்குப் போகலாம். அடர்நிறத்தில்தான் ஏமாற்றமும் தகராறும் அதிகம், அதற்கு ஒரு காரணம் உண்டு. வெளிர்நிறங்கள் வெள்ளை பேஸில் சில சொட்டு வண்ணம் கலந்து கிடைப்பவை. மஞ்சள், சிவப்பு போன்ற அடர்நிறத்துக்கு வெள்ளை நிறமி மிகக் குறைந்த வேறொரு பேஸ் வேண்டும். மூடியைத் திறந்து பார்த்தால் அது பால்கூழ் மாதிரி இருக்கும். வெள்ளை இல்லாததால் மூடும் சக்தி குறைவு. இரண்டு கோட் அடித்தும் பழைய கிரீம் நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். மூன்று, சில சமயம் நான்கு கோட் தேவைப்படும். இதைச் சொல்லாமல் இரண்டு கோட்டுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, பாதியில் ‘இன்னும் நாலு லிட்டர் வேணும்’ என்பார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் நாலு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு ஜன்னலைக் கழித்தால் 380 சொச்சம். நல்ல எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 50 முதல் 70 சதுர அடி வரும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். சாம்பல் நிறம் கலந்த பிரைமரை முதலில் அடித்தால் பல அடர்நிறங்களுக்கு ஒரு கோட் மிச்சமாகும். ஒரு சுவருக்கு மட்டும் அடர்நிறம் அடிப்பதும் புத்திசாலித்தனம்தான்.

இயந்திரத்தில் வண்ணம் கலந்துவிட்டால் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். அதனால் முதலில் ஒரு லிட்டர் வாங்கிச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காய்ந்த பின் பகலிலும் குழல்விளக்கிலும் பாருங்கள். பிறகு முழு அளவையும் ஒரே பேட்ச் எண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்ச் மாறினால் சுவரின் நடுவில் கோடு கிழித்ததுபோல் நிறம் வேறுபடும்.

பில் கட்டாயம் வேண்டும். பெயிண்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ‘பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்’ என்ற பேச்சு வரும். அந்தச் சில நூறு ரூபாய்க்காக நாளைக்கு வழக்குப் போடும் வாய்ப்பையே விட்டுக்கொடுக்கிறோம். வாளியில் அச்சிட்ட எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்தது. அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று தனியாக வாங்குவது குற்றம். வண்ணம் கலக்கும் கட்டணம் உண்டென்றால் அது பில்லில் தனி வரியாக வரட்டும். நிற எண், பேஸ், பேட்ச் எண், தயாரித்த மாதம் நான்கையும் எழுதி வாங்குங்கள். எனாமல் வாங்கினால் 90 பிபிஎம் அறிவிப்பு டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் தெரியாத டப்பாவில் அந்த வரியே இல்லையென்றால் எவ்வளவு மலிவானாலும் தொட்டிலுக்கும் கிரில்லுக்கும் அது வேண்டாம்.

பல கம்பெனிகள் பெயிண்டருக்கென்று வாளிக்குள் டோக்கனோ ஸ்கேன் செய்யும் குறியீடோ வைக்கின்றன. அது அவருக்கு வரவேண்டிய ஊக்கத்தொகை, அதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் டோக்கனுக்காக உங்கள் வீட்டுக்குப் பொருந்தாத பெயிண்டைப் பரிந்துரைக்கலாம். தேவைக்கு மேல் வாளிகள் வரலாம். பெயிண்டை நீங்களே போய் வாங்குங்கள். சீல் உங்கள் கண்முன் உடையட்டும், டோக்கனை அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

கூலி பேசும்போது ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். தினக்கூலிக்கு ஆள் வைத்து, நீங்களே நின்று வேலை வாங்கினால் நுகர்வோர் சட்டத்தின் பாதுகாப்பு கேள்விக்குறியாகும். சொந்த வேலையாள் ஒப்பந்தத்தை அந்தச் சட்டம் ‘சேவை’யாகக் கொள்வதில்லை. முழு அறைக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் பேசினால் அது சேவை. எத்தனை கோட் பட்டி, பிரைமர், பெயிண்ட், சதுர அடி விலை, கதவு ஜன்னல் கழிவு உண்டா, எந்தத் தேதிக்குள் முடியும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘சரி’ என்று பதில் வாங்கினாலும் ஆதாரம்தான். பணத்தை மூன்று தவணையாகக் கொடுத்து, கடைசித் தவணையைச் சுவர் காய்ந்த பிறகு கொடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் அடர்நிறம் அடிக்க வேண்டாம். காலி செய்யும்போது ‘பழைய நிறத்துக்குக் கொண்டுவரணும்’ என்று அட்வான்ஸில் கைவைப்பார்கள். ஆனால் நிறமே மாற்றாதவர்களிடமும் பெயிண்டிங் செலவென்று ஒரு மாத வாடகையைப் பிடிக்கும் பழக்கம் நகரங்களில் வேரூன்றிவிட்டது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதையும் உரிமையாளரின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது; ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் மட்டுமே இது மாறும். அதனால் கையெழுத்துக்கு முன் பெயிண்டிங் பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள், ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யுங்கள். அட்வான்ஸை நியாயமான கழிவு போக, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் வாடகை அதிகாரியிடமும் வாடகை நீதிமன்றத்திலும் முறையிட வழி இருக்கிறது. அடுக்குமாடியில் உள்ளறை நிறம் உங்கள் விருப்பம், வெளிச்சுவர் எல்லோருக்கும் பொது.

நிறம் ஆறே மாதத்தில் வெளுத்தாலோ, பெயிண்ட் பொரிந்து உரிந்தாலோ முதலில் படமெடுங்கள், ஓரத்தில் தேதி எழுதிய தாளையும் வைத்து. ஈரக்கசிவினால் உரிந்தால் அது பெயிண்டின் குறையல்ல, கம்பெனி அதைத்தான் முதலில் சொல்லும். ஆகவே கசிவைச் சரிசெய்த பிறகே பெயிண்ட் அடித்தீர்கள் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். வாளியிலுள்ள வாடிக்கையாளர் எண்ணில் புகார் கொடுத்துப் பதிவு எண்ணை வாங்குங்கள். பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் எழுத்தில் ஒரு நோட்டீஸ், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ன் நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இ-ஜாக்ரிதி தளத்திலும் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும்.

பொருளில்தான் குறை என்று நீங்கள் சொன்னால் ஆணையம் மாதிரியை வாங்கி சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்த நேரத்தில் கொடுக்க உங்களிடம் அதே பெயிண்ட் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மிஞ்சிய அரை லிட்டரைத் தண்ணீர் கலக்காமல், லேபிளோடு அதே டப்பாவில் இறுக மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத பரணில் வைத்துவிடுங்கள்.