மைசூர்ப் பிரதிநிதித்துவ சபை: செவிமடுத்தலும் இசைவு பெறுதலும்

1881ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், தசரா விழாவை ஒட்டி, மைசூர் நகரில் 144 பேர் கூடினர். சமஸ்தானத்தின் பல வட்டங்களிலிருந்தும் தேர்ந்தழைக்கப்பட்ட நிலவுடைமையாளர்களும் வணிகர்களும் ஆவர் அவர்கள். அரசின் வரவு செலவுகளையும் மேற்கொள்ளவிருந்த பணிகளையும் திவான் ரங்காச்சார்லு அவர்கள் முன் எடுத்துரைத்தார். பின்னர் உறுப்பினர்கள் தத்தம் பகுதியின் குறைகளைக் கூறினர். இந்திய சமஸ்தானங்களில் இத்தகைய அமைப்பு தோன்றியது இதுவே முதன்முறை. பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டமன்றங்கள் நிதிநிலை அறிக்கையை விவாதிக்கும் உரிமையை 1892ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகத்தான் பெற்றன என்பதை நினைவிற்கொண்டால், மைசூர் எவ்வளவு முந்திக்கொண்டது என்பது விளங்கும்.

செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்த ரங்காச்சார்லு, சென்னை மாகாண அரசுப் பணியிலிருந்து மைசூருக்கு வந்தவர். ஐம்பது ஆண்டுகள் ஆங்கிலேய ஆணையர்களின் நேரடி ஆட்சியில் இருந்த சமஸ்தானம், 1881 மார்ச் 25ஆம் நாள் பத்தாம் சாமராஜேந்திர உடையாரிடம் திருப்பி அளிக்கப்பட்டபோது, அவரே திவானாக நியமிக்கப்பெற்றார். அவர் பொறுப்பேற்ற அரசு, 1876-78 பெரும் பஞ்சத்தின் காயம் ஆறாத அரசு. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 50½ லட்சமாக இருந்த மக்கள்தொகை, 1881இல் சுமார் 42 லட்சமாகக் குறைந்திருந்தது. குடிமக்களின் நிலையை அதிகாரிகளின் அறிக்கைகளால் மட்டும் அறிந்துவிட முடியாது என்னும் எண்ணம் இத்தகைய சூழலில் எழுந்தது வியப்பன்று.

ஆயினும் அச்சபைக்கு வாக்களிக்கும் உரிமை இல்லை. அரசின் நோக்கங்களை மக்கள் அறிய வேண்டும், மக்களின் தேவைகளை அரசு அறிய வேண்டும். இவ்வளவே அதன் பணி. உறுப்பினர் கேட்கலாம், முறையிடலாம், மறுக்க இயலாது.

ஐரோப்பாவிலிருந்து வந்த வாதம்

ஆட்சியும் குடிமக்களும் குறித்து அறிவொளிக் காலச் சிந்தனையாளர்கள் நிகழ்த்திய வாதங்களை இவ்விடத்தில் கருத வேண்டும். 1689இல் வெளிவந்த நூலில் இங்கிலாந்தின் ஜான் லாக், உயிர், உரிமை, உடைமை ஆகியவை மனிதனுக்கு அரசு வழங்கிய கொடைகள் அல்ல, அவற்றைக் காப்பதற்காகவே அரசு அமைக்கப்பட்டது என்றார். ஆதலின் மக்களின், அல்லது அவர்தம் பிரதிநிதிகளின் இசைவின்றி வரி விதிப்பது முறையாகாது என்பது அவர் துணிபு. பிரான்சு நாட்டின் மாண்டெஸ்கியூ 1748இல், சட்டமியற்றும் அதிகாரமும் நிர்வாக அதிகாரமும் நீதி அதிகாரமும் ஒரே கையில் சேருமானால் உரிமைக்கு இடமில்லை என வாதிட்டார். ரூசோ 1762இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, இறையாண்மை மக்களுக்கே உரியது, அதைப் பிறரிடம் ஒப்படைக்கவே இயலாது என்றார்.

இவர்களின் சிந்தனை உலகெங்கும் ஒரே அளவில் விரிந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆசியாவின் தட்பவெப்பமே அங்குக் கொடுங்கோன்மைக்கு வழிகோலுகிறது என்று எழுதியவரும் அதே மாண்டெஸ்கியூதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் 1823 முதல் 1858 வரை பணியாற்றிய ஜான் ஸ்டூவர்ட் மில், பிரதிநிதித்துவ ஆட்சியைப் போற்றி 1861இல் நூல் எழுதினார். ஆனால் இந்தியா போன்ற நாடுகள் அதற்கு இன்னும் பக்குவப்படவில்லை என்று அதிலேயே முடிவு கட்டினார். இந்நூல் வெளிவந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் மைசூரில் சபை கூடியது. பக்குவம் பற்றிய வாதத்திற்கு இதனினும் நல்ல விடை இராது என்பது என் கருத்து.

(மைசூரை அடுத்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1797இல் பிரெஞ்சுக்காரர்கள் ஜாக்கோபின் சங்கம் நிறுவி, சுதந்திர மரம் நட்டனர் என்னும் செய்தி பலரும் அறிந்ததே. 1799இல் திப்பு சுல்தானை வீழ்த்திய ஆங்கிலேயர் வெளியிட்ட ஆவணங்களே அதற்கு முக்கியச் சான்று. ஆதலின் வரலாற்றாசிரியர் சிலர் அதனை ஐயுறுகின்றனர்.)

மக்கள் என்போர் யாவர்?

1891 முதல் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. எனினும் வாக்குரிமை சொத்தும் கல்வியும் உடையோருக்கே கிட்டியது. உழுதவரும் கூலி பெற்றவரும் பெண்டிரும் வெளியிலேயே நின்றனர். உடைமையை உரிமைகளின் நடுவே வைத்த லாக்கின் வாதத்திலேயே இக்குறையின் வித்து இருக்கிறது எனலாம்.

அரசுப் பணிகள் ஒரே சமூகத்தவரிடம் குவிந்திருந்தமையும் இத்துடன் இணைந்த சிக்கலாகும். 1917இல் பிரஜாமித்ர மண்டலி தோன்றி மன்னரிடம் முறையிட்டது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1918இல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைத்தார். ஏழு ஆண்டுகளுக்குள் உயர் பணிகளில் பாதிக்குக் குறையாமலும், கீழ்நிலைப் பணிகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் பிராமணரல்லாத சமூகத்தினர் இடம்பெற வேண்டும் என அக்குழு 1919இல் பரிந்துரைத்தது. தகுதி ஒன்றே அளவுகோல் ஆக வேண்டும் எனக் கருதிய திவான் விசுவேசுவரய்யா இக்கொள்கையில் உடன்படாது பதவி விலகினார். சமத்துவம் என்னும் ஒரே சொல்லை இரு தரப்பாரும் வெவ்வேறு பொருளில் ஆண்டனர். நூறாண்டு கடந்தும் அவ்வாதம் ஓயவில்லை.

அடுத்த மாற்றத்தை வகுத்தவர் ஒரு தத்துவப் பேராசிரியர். மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய பிரஜேந்திரநாத் சீல் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, 1923இல் சபைக்குச் சட்ட அடிப்படை தரப்பட்டது. சொத்துத் தகுதி தளர்த்தப்பட்டது. பெண்களுக்கு இருந்த தடை நீங்கியது. புதிய வரி விதிக்குமுன்னும், மசோதாக்களைச் சட்டமன்றத்தில் கொணருமுன்னும் சபையைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றானது. கலந்தாலோசித்தல் என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். சபை வேண்டாமென்றாலும் அரசு மேற்செல்ல முடியும். 42 ஆண்டுகளில் செவிமடுத்தல் கலந்தாலோசனையாக வளர்ந்ததேயன்றி, இசைவாக வளரவில்லை. 1938இல் விதுராசுவத்தத்தில் கொடியேற்றக் கூடிய மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947 செப்டம்பரில் ‘மைசூர் சலோ’ போராட்டம் எழுந்த பின்னரே, அக்டோபரில் கே.சி. ரெட்டி தலைமையில் பொறுப்பாட்சி அமைந்தது. 1949இல் பிரதிநிதித்துவ சபை கலைக்கப்பட்டது.

இன்றைய நிலை

இப்பழைய வேறுபாடு ஆவணக் காப்பகத்தோடு முடிந்துவிடவில்லை. பணி நிமித்தம் திட்டமொன்றின் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நான் அமர்ந்திருந்தேன். முதியவர் ஒருவர் எழுந்து, “ஐயா, நாங்கள் வேண்டாமென்றால் நிறுத்திவிடுவீர்களா?” என்று வினவினார். மேடையிலிருந்த எவரிடமும் விடையில்லை, என்னிடமும் இல்லை. கருத்துகள் பதிவு செய்யப்பட்டன என்று நடவடிக்கைக் குறிப்பு எழுதப்பட்டது. 1881இலும் எழுத்தர் ஒருவர் ஏறக்குறைய இவ்வாறே எழுதியிருப்பார்.

நமது சட்டங்கள் இவ்வினாவிற்கு வெவ்வேறு விடைகள் அளிக்கின்றன. பட்டியல் பகுதிகளில் நிலம் எடுக்குமுன் கிராம சபையையோ உரிய நிலை ஊராட்சியையோ கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுச் சட்டம். ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் தோண்டும் திட்டம் குறித்து உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்தபோது, வன உரிமைச் சட்டத்தின்படி அதனைக் கிராம சபைகளின் முடிவுக்கே விட்டது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன, திட்டம் நின்றது. அதே ஆண்டில் நிறைவேறிய நிலம் கையகப்படுத்தல் சட்டமோ, தனியார் நிறுவனங்களுக்காக எடுக்கும் நிலத்திற்குப் பாதிக்கப்படும் குடும்பங்களுள் 80 விழுக்காட்டினரின் இசைவையும், அரசு-தனியார் கூட்டுத் திட்டங்களுக்கு 70 விழுக்காட்டினரின் இசைவையும் கோருகிறது. அரசே தனக்கென எடுக்கும் நிலத்திற்கு இசைவு வேண்டியதில்லை. சமூகத் தாக்க மதிப்பீடும் கருத்துக் கேட்பும் போதும். பின்னர் மாநிலங்கள் பலவும் தத்தம் திருத்தங்களால் அவற்றிலும் சில விலக்குகளைச் சேர்த்துக்கொண்டன.