கற்பிக்கத் தயங்கும் பாடம்

ஆலங்குடித் தாலுகாவின் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் புதிதாகப் பொறுப்பேற்ற இளம் டாக்டரிடம், மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையை விழுங்கிவிட்டு உதிரம் நிற்காமல் முகம் வெளிறிப்போன ஒரு ஸ்திரீயை வீட்டார் கொண்டுவந்து கிடத்துவார்களேயானால், கருக்கலைப்பை மருத்துவ மாணவர்களுக்குப் போதிக்கலாமா கூடாதா என்று பெரியோர் நடத்தும் தர்க்கம் அவருக்கு எள்ளளவும் உதவப்போவதில்லை. கரு தங்கியது கர்ப்பப்பையிலா கருக்குழாயிலா, தொடர்ந்து இரண்டு மணி நேரம் மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் நனைகிறதா, மிச்சம் உள்ளே தங்கி ஜுரம் கண்டிருக்கிறதா என்று அவர் நிதானித்தாக வேண்டும். கருக்குழாயில் தங்கிய கருவை இம்மாத்திரைகள் கலைப்பதில்லை. குழாய் வெடித்தால் உயிருக்கே அபாயம்.

2015-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நிகழ்ந்தன என்றும், அவற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரைகளால் நடந்தவை என்றும் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கல்லூரி வாய்மூடி இருந்தால் காரியம் நின்றுவிடுவதில்லை. மருந்துக் கடைக்காரர் வைத்தியராகிவிடுகிறார்.

1860-இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றி வேறெக்காரணத்துக்காகவும் கருவைக் கலைப்பதைக் குற்றமென்று வைத்திருந்தது. 1964-இல் சாந்திலால் ஷா தலைமையில் அமைந்த குழு இதனை ஆராய்ந்து அளித்த அறிக்கையின் பயனாக, 1971-இல் புதிய சட்டம் பிறந்து மறு ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. 2021-இல் திருத்தப்பட்டபடி, 20 வாரம் வரை ஒரு டாக்டரின் அபிப்பிராயமும், குறிப்பிட்ட சில நிலைமைகளில் உள்ள பெண்களுக்கு 24 வாரம் வரை இரு டாக்டர்களின் அபிப்பிராயமும் வேண்டும். பெண் கேட்டாள் என்பது மட்டும் போதாது, டாக்டர் நல்லெண்ணத்துடன் கொள்ளும் அபிப்பிராயமே பிரமாணம் என்று சட்டம் வகுத்திருக்கையில், அந்த டாக்டரே விஷயம் அறியாதவராக இருந்தால் சட்டம் ஏட்டோடு நின்றுவிடும் அல்லவா?

மனச்சாட்சி இடம் தராதவர்களை வற்புறுத்தலாமா என்பார்கள். வற்புறுத்த வேண்டியதில்லை. ஆனால் கரு தானாகவே குறைபடச் சிதைந்து வரும் பெண்ணுக்கும், உறிஞ்சு கருவி கொண்டு கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் அதே கைப்பழக்கம்தான் தேவைப்படுகிறது; அதை எந்தச் சமயத்தைச் சேர்ந்த டாக்டரும் வேண்டாம் என்று ஒதுக்க முடியாது. கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹாலப்பனவர், 2012-இல் அயர்லாந்தின் கால்வே நகரில், கரு பிழைக்காது என்று தெரிந்த பின்னும், தாம் வேண்டிய கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, இரத்தத்தில் விஷமேறி மாண்டதை உலகம் அறியும். பெண் சிசுவென்று கண்டறிந்து அழிக்கும் பாதகம் வேறு. அதற்கு 1994-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, வந்தவளை விரட்டுகிற டாக்டர்கள் உண்டாவதும் பாடக்குறையால்தான்.

புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறிய நாளில், பெண் வைத்தியம் படிப்பதே லஜ்ஜைக்குரியதாக எண்ணப்பட்டது. அதே புதுக்கோட்டையில் 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. 2019-இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் கருக்கலைப்பு இல்லாமலும் இல்லை: எப்போது செய்யலாம், எப்படிச் செய்வது, என்ன சிக்கல் நேரலாம் என்பவற்றை மாணவர் சொல்லவேண்டும். சொல்வது வேறு, கை பழகுவது வேறு. சிறப்புப் பட்டம் பெறாத டாக்டர் 12 வாரம் வரையிலான கருவைக் கலைப்பதற்கு விதிகள் திறந்துவைத்திருக்கும் வழிகளுள் ஒன்று, 25 கருக்கலைப்புகளில் உடனிருந்து, அவற்றுள் ஐந்தையேனும் தாமாகச் செய்திருப்பது. பரீட்சைக்கு உருப்போட்ட விடை இதற்கு ஈடாகாது.

சம்மதம் பெறும் உரையாடலைப் பாவனையாக நடத்திப் பழகவேண்டும் என்றும் அப்பாடத்திட்டம் கூறுகிறது. சக மாணவி ஒருத்தி நோயாளியாக எதிரே உட்கார, பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் கையெழுத்தே போதும், கணவனுடைய கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை என்பதை மாணவர் அங்கே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகினாரானால், பின்னாளில் ஆலங்குடியில் தனியே வந்து நிற்கும் பெண்ணை, "உன் புருஷனை அழைத்து வா, அம்மா" என்று திருப்பி அனுப்பமாட்டார்.