அலுமினியத்துக்குள் ஊறும் நிறம்

மோட்டோகிராஸ் பந்தயம் முடிந்ததும் முதல் வேலை வண்டியைக் கழுவுவதுதான். சேறு வழிந்தோட ஓட, ஆரஞ்சு நிற டிரிப்பிள் கிளாம்ப், நீல ஹப், சிவப்பு ஆயில் மூடி என்று ஒவ்வொன்றாக வெளியே தெரியும். பலமுறை விழுந்து எழுந்த வண்டி அது. கல் தெறித்து ஸ்டிக்கர்கள் கிழிந்திருக்கும். ஃபிரேமில் பெயின்ட் உரிந்திருக்கும். இந்தச் சிறு அலுமினிய பாகங்களில் மட்டும் நிறம் உரிந்து வராது. உரிவதற்கு அங்கே பூச்சு என்று எதுவும் இல்லை. உலோகத்தின் மேல்தோலையே மாற்றி, அதற்குள் சாயத்தை ஊறவைத்திருக்கிறார்கள். இந்த வேலைக்குப் பெயர் அனோடைசிங்.

காற்றுப் பட்ட உடனே அலுமினியத்தின் மேல் ஓர் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். இரும்பின் துரு உதிரும். இதுவோ உலோகத்தை இறுகப் பற்றிக்கொண்டு மேற்கொண்டு அரிக்க விடாமல் காக்கும். ஆனால் அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். மின்சாரத்தைக் கொண்டு அதைப் பல ஆயிரம் மடங்கு தடிமனாக வளர்ப்பதே அனோடைசிங். 1923-இல் பிரிட்டனில் பெங்கோ, ஸ்டூவர்ட் என்ற இருவர் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். கடல் விமானங்களின் டியூராலுமின் என்ற அலுமினிய உலோகக்கலவைப் பாகங்களை உப்புநீர் அரிக்காமல் காப்பதே அன்றைய நோக்கம். அவர்கள் பயன்படுத்தியது குரோமிக் அமிலம். சில ஆண்டுகளில் கந்தக அமில முறை வந்தது. இன்றைய வண்ண பாகங்கள் அந்த வழியில் வந்தவை. நம் சமையலறையில் இருக்கும் கருத்த ஹார்ட் அனோடைஸ்டு வாணலியும் இதே குடும்பம்தான்.

செய்முறையில் பாதி உழைப்பு சுத்தம் செய்வதிலேயே போய்விடும். விரல் பட்ட எண்ணெய்ப் பசைகூட நிறத்தில் திட்டாகத் தெரியும். முதலில் பிசுக்கை நீக்கி, காஸ்டிக் சோடாக் கரைசலில் முக்கி மேற்பரப்பை லேசாக அரிக்க விடுவார்கள். அப்போது படியும் கருப்புக் கசடை நைட்ரிக் அமிலம் போன்ற ஒன்றில் கழுவி எடுப்பார்கள். அதன்பின் பாகத்தை அலுமினியம் அல்லது டைட்டானியம் கம்பியில் கட்டி, ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதக் கந்தக அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு, நேர்மின்முனையில் இணைப்பார்கள். எதிர்முனையில் ஈயம் அல்லது அலுமினியத் தகடு. 12 முதல் 18 வோல்ட் நேர்மின்சாரம், 20 டிகிரி செல்சியஸ் ஒட்டிய குளிர்ச்சி, அரை மணி முதல் ஒரு மணி நேரம். எதிர்முனையில் ஹைட்ரஜன் குமிழ் குமிழாக எழும். பாகத்தின் பக்கம் ஆக்ஸிஜன் அலுமினியத்தோடு சேர்ந்து ஆக்சைடாக வளரும்.

வளரும் ஆக்சைடை அமிலம் சும்மா விடுவதில்லை, கரைத்துக்கொண்டே இருக்கும். இந்த இழுபறியில் பிறப்பவைதான் நுண்துளைகள். தேனடை போல நெருங்கி அமைந்த அறைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் செங்குத்தாக இறங்கும் ஒரு துளை. துளையின் அகலம் பத்து, இருபது நானோமீட்டர் அளவுதான். பாகத்தை 60 டிகிரி ஒட்டிய சாயக் கரைசலில் சில நிமிடங்கள் வைத்தால் சாயம் துளைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு கொதிநிலையை நெருங்கிய தூய நீரில் வைப்பார்கள். ஆக்சைடு தண்ணீரை ஏற்று உப்பி, துளைகளின் வாயை அடைத்துவிடும். அவசரப்பட்டு இந்தக் கடைசிப் படியைச் சுருக்கினால் மற்ற அத்தனையும் வீண். சாயம் கையிலேயே ஒட்டும்.

அதே துளைகளில் நிறத்துக்குப் பதிலாக மசகுப் பொருளையும் நிரப்பலாம். ஜப்பானின் மியாகி நிறுவனம் செய்யும் கஷிமா கோட் அப்படித்தான். கெட்டியான ஆக்சைடு படலத்தின் துளைகளுக்குள் மாலிப்டினம் டைசல்ஃபைடைச் செலுத்துகிறார்கள். விலை உயர்ந்த சஸ்பென்ஷன் ஃபோர்க் குழாய்களில் காணும் அந்தச் செம்பொன் சாயல் இதன் அடையாளம். அனோடைசிங்கின் முழு அருமை எனக்கு இதில்தான் தெரிகிறது. அலங்காரத்துக்கு உதவும் துளையே உராய்வைக் குறைக்கவும் உதவுகிறது.

இந்த நிறத்துக்கு ஏன் இவ்வளவு உலோகப் பளபளப்பு? ஆக்சைடு படலம் ஒளி புகக்கூடியது. வெளிச்சம் சாயத்தைக் கடந்து அடியில் உள்ள உலோகத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. ஆகவே அடியில் இருக்கும் கீறலும் சேர்ந்தே தெரியும். பெயின்ட் குறையை மறைக்கும், இது காட்டிக்கொடுக்கும். பளபளப்பு வேண்டுமானால் முன்பே பாலிஷ் செய்ய வேண்டும். மங்கலான தோற்றம் வேண்டுமானால் முன்பே நுண்மணிகளை வீசியடித்துச் சொரசொரப்பாக்க வேண்டும்.

எல்லா பாகமும் ஒரே மாதிரி நிறம் ஏற்பதில்லை. 6061 போன்ற அலுமினிய உலோகக்கலவையில், முழுக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த பாகங்கள் அழகாக ஏற்கும். வார்ப்பு பாகங்களில் சிலிக்கன் அதிகம். நிறம் சாம்பல் பூத்துத் திட்டுத் திட்டாக வரும். மெக்னீசியம் கவர்களையும் எஃகு போல்ட்டுகளையும் இந்தத் தொட்டியில் போடவே கூடாது; அமிலம் தின்றுவிடும்.

பழைய கார் பேட்டரி அமிலத்தையும் சார்ஜரையும் வைத்து வீட்டிலேயே செய்து பார்ப்பவர்கள் உலகெங்கும் உண்டு. ஒரு ஆயில் மூடிக்கு அது போதும் என்றாலும் விளையாட்டு அல்ல. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், ஒருபோதும் மாற்றி ஊற்றக் கூடாது. ஹைட்ரஜன் எழுவதால் அருகில் நெருப்பு கூடாது. காற்றோட்டம், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை மூன்றும் கட்டாயம். ஹப், ஹேண்டில்பார், டிரிப்பிள் கிளாம்ப் போன்ற உயிர் காக்கும் பாகங்களை வீட்டில் தொடவே வேண்டாம் என்பேன். ஆக்சைடு கடினமானது, ஆனால் வளையாதது. அதில் விழும் நுண்விரிசல் உலோகத்தின் களைப்புத் தாங்கும் வலிமையைக் குறைக்கும்.

கோவையிலும் அம்பத்தூரிலும் அனோடைசிங் பட்டறைகள் உண்டு. அங்கே ஹப்பைக் கொடுப்பதாக இருந்தால் பேரிங்கைக் கழற்றிவிட்டு, அது உட்காரும் துளையை அளந்து எழுதி வையுங்கள். படலம் வளரும்போது துளை சுருங்கும். பழைய படலத்தைக் காஸ்டிக்கில் உரித்தால் உலோகமே தேய்ந்து துளை அகலும். அந்த இடத்தை அடைத்துவிட்டு வேலை செய்யச் சொல்லுங்கள். நிறம் ஏறிய பிறகு காஸ்டிக் கலந்த டிகிரீசரால் கழுவாதீர்கள். சாதாரண சோப்புத் தண்ணீரே போதும். வண்டியை நிழலில் நிறுத்துங்கள், ஏனென்றால் சிவப்பும் ஊதாவும் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும்.