காலையில் வளர்ந்து மாலையில் குறைகிறோம்!

காலையில் எழுந்ததும் சுவரோடு நின்று நமது உயரத்தைக் குறித்து வைத்து, மாலையில் மீண்டும் அளந்து பார்ப்போமாயின் வியப்பான ஓர் உண்மை புலனாகும். ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் குறைந்திருப்போம்! குறைந்த அந்த உயரம் எங்கே போயிற்று? விடை நமது முதுகிலே இருக்கிறது.

முள்ளந்தண்டு ஒரே தடியன்று. அடுக்கி வைத்த என்புகளின் கோவை. கழுத்தில் 7, நெஞ்சின் பின்புறம் 12, இடுப்பில் 5 ஆக 24 என்புகள் தனித்தனியே அசைவன. ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்திலும் இருப்பவை 7 என்புகளே! இவற்றின் கீழே உள்ளவை, நாம் வளருங்கால் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. இவ்வென்புகளின் நடுவேயுள்ள கால்வாயினூடாகவே முண்ணாண் பாதுகாப்பாகச் செல்கின்றது.

தலையாட்டி 'ஆம்' என்கிறோமே, அது மண்டையோட்டுக்கும் முதல் என்புக்கும் இடையே நிகழ்வது. 'இல்லை' என்று தலையைத் திருப்புவது பெரும்பாலும் முதல் என்பும் இரண்டாம் என்பும் சேருமிடத்தில். அதற்குக் கீழே, அடுத்தடுத்த இரு என்புகள் பின்புறத்தில் இரு சிறு மூட்டுக்களாலும், முன்புறத்தில் ஒரு வட்டத்தட்டினாலும் பொருந்தியுள்ளன.

இவ்வட்டத்தட்டே மேலே கேட்ட வினாவுக்கு விடை. உறுதியான நார்வளையத்தின் நடுவே, நீர் நிறைந்த பசைபோன்ற பொருள் அமைந்த மெத்தை அது. பகல் முழுவதும் உடற்பாரம் அழுத்த, அதிலுள்ள நீர் சிறிது கசிகின்றது. இரவில் நாம் படுத்திருக்கையில் மீண்டும் ஊறுகின்றது.

நார்வளையம் கிழிந்தால் உள்ளிருக்கும் பொருள் பிதுங்கி நரம்பை அழுத்தும். இடுப்பிலிருந்து கால்வரை இறங்கும் வலிக்கு இதுவும் காரணமென்பதை 1934இல் அமெரிக்க வைத்தியர்களான மிக்ஸ்டர், பார் ஆகிய இருவரும் தெளிவாக எடுத்துக்காட்டினர். பெரும்பாலோருக்கு இவ்வலி சத்திரசிகிச்சையின்றியே தணிந்துவிடும். ஆயினும் கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாது போனாலோ ஒரு நாளேனும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

நீர்க்குடத்தையோ அரிசி மூட்டையையோ தூக்கும்போது முதுகை வளைத்து எட்டித் தூக்காது, முழங்காலை மடக்கி, பாரத்தை உடலோடு அணைத்துத் தூக்குவோமாக. வளர்ந்தோரின் வட்டத்தட்டுக்குள் இரத்தக் குழாய்கள் செல்வதில்லை. அயலிலுள்ள என்பிலிருந்து ஊறிவரும் சத்தே அதற்கு ஆகாரம். எனவே பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களும், தையல் இயந்திரத்தின் முன் அமரும் தாய்மாரும் இடையிடையே எழுந்து நாலடி நடத்தல் நன்று. நம்மை நிமிர்த்தி வைத்திருக்கும் முதுகுக்கு நாம் செய்யக்கூடிய எளிய உபகாரம் அதுவே.